மொபைலில் வங்கிக் கணக்கு: பாதியில் கைவிடப்படாத பதிவு வழியை அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் ஒருவர் கிளைக்குப் போகாமல் கைபேசியிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கும் வழியைப் பற்றிய கேள்விகள் இவை. மொபைல் எண், பான், ஆதார், வீடியோ கேஒய்சி (வங்கி அலுவலர் வீடியோவில் பேசி அடையாளத்தைச் சரிபார்ப்பது), முதல் டெபாசிட் என்று போகும் வழி அது. திரை வரைபவர், ஆப் எழுதுபவர், வங்கியின் கேஒய்சி பிரிவில் இருப்பவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தால் பயன் அதிகம். ஏனென்றால் பாதிச் சிக்கல்கள் இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாததால் வருபவை.

வாடிக்கையாளர் பெரும்பாலும் எங்கே விட்டுப்போகிறார்?

கேட்ட பொருள் கையில் இல்லாத இடத்தில். ஆதாரோடு இணைத்த சிம் அப்பாவின் போனில் இருக்கும். பான் அட்டை பீரோவில் இருக்கும், சாவி அம்மாவிடம் இருக்கும். வீடியோ அழைப்புக்கு ஆள் தயார் என்று திரை சொல்லும்போது அவர் பேருந்தில் நின்றுகொண்டிருப்பார். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று போனைப் பையில் போடுவார். அந்த அப்புறம் வருவதில்லை.

படிவம் நீளம் என்ற புகார் எல்லாக் கூட்டத்திலும் வரும். ஆனால் எல்லாம் கையில் இருப்பவர் நீளமான படிவத்தையும் முடித்துவிடுகிறார். எனவே முதலில் தேடவேண்டியது இது: எந்தத் திரையில், எந்தப் பொருளை, முன்கூட்டிச் சொல்லாமல் கேட்கிறோம்?

திரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலே போதாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 படிகள் இருக்கின்றன. 11 படிகள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 97 பேர் தாண்டுகிறார்கள், வீடியோ கேஒய்சியில் மட்டும் 60 பேர் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1000 பேர் தொடங்கினால் கடைசியில் வந்து சேர்பவர்கள் சுமார் 429 பேர். நன்றாகப் போகும் படிகளில் இரண்டை நீக்கினால் அது 456 ஆகும். எதையும் நீக்காமல் வீடியோ படியை மட்டும் 60இலிருந்து 80க்கு உயர்த்தினால் 572 ஆகும்.

திரையைக் குறைப்பது எளிது, படத்தில் காட்டவும் அழகாக இருக்கும், அதனால் எல்லோரும் அதையே செய்கிறார்கள். மேலும், மூன்று கேள்விகளை ஒரே திரையில் அடைப்பதைக் குறைப்பு என்று சொல்லமுடியாது. விசைப்பலகை ஏறி வந்ததும் மூன்றாவது கேள்வி அதன் அடியில் ஒளிந்துகொள்ளும், "தொடர்" பட்டன் ஏன் வேலை செய்யவில்லை என்று அவருக்குப் புரியாது.

முதல் திரையில் என்ன இருக்கவேண்டும்?

பயணம் போகிறவருக்குச் சொல்வதுபோல, என்ன எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்பது. இப்படி:

"உங்களிடம் இவை இருக்கிறதா? அசல் பான் அட்டை. ஆதார் எண். ஆதாரோடு இணைத்த மொபைல் எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸைப் பார்க்கும் வசதி. கடைசியில் எங்கள் அலுவலர் வீடியோவில் பேசுவார், காலை 9 முதல் இரவு 9 வரை. நடுவில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்."

இதற்குக் கீழே "பான் இல்லை", "ஆதாரோடு இணைத்த எண் என்னிடம் இல்லை" என்று இரண்டு சிறிய இணைப்புகள் வையுங்கள். பான் இல்லாதவர் அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்துக் கிளையில் கணக்கு தொடங்கலாம். இணைத்த எண் இல்லாதவர் கிளையில் கைரேகை வைத்து ஆதார்வழி அடையாளச் சரிபார்ப்பை (இ-கேஒய்சி) செய்யலாம். அவர்களை எட்டாவது திரையில் திருப்பி அனுப்புவதைவிட முதல் திரையிலேயே சரியான வாசலைக் காட்டுவது மரியாதை. மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்பதையும் இங்கேயே சொல்லுங்கள். மறைத்து வைத்தால் கடைசித் திரையில் அவர் அதைக் கண்டுபிடிப்பார், அங்கே விடுவார்.

எதை முதலில் கேட்பது?

மொபைல் எண். அதைச் சரிபார்த்த நொடியிலிருந்து விண்ணப்பத்தைச் சர்வரில் சேமியுங்கள். அடுத்து பான், அடுத்து ஆதார். பான் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு: செல்லாத பான், ஆதாரோடு இணைக்காததால் முடங்கிய பான், நிறுவனத்தின் பான் எல்லாவற்றையும் ஓடிபி இல்லாமலே சில நொடிகளில் கண்டுவிடலாம். ஆதார் ஓடிபி வரை வரவழைத்துவிட்டு "உங்கள் பான் செயல்படவில்லை" என்று சொல்வது கொடுமை.

தொழில், வருமானம், நாமினி போன்றவை ஆதாருக்குப் பிறகு வரட்டும். அதற்குள் பெயர், பிறந்த தேதி, முகவரி தானாக நிரம்பியிருக்கும். பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்ற எண்ணமும் அவருக்கு வந்திருக்கும்.

"ஓடிபி வரவில்லை" என்ற புகார் ஓயவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

இரண்டு ஓடிபிக்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று வங்கி அனுப்புவது. மற்றொன்று ஆதார் ஆணையம் அனுப்புவது. இரண்டாவது, வாடிக்கையாளர் இப்போது கொடுத்த எண்ணுக்கு வராது, ஆதாரில் பதிவான எண்ணுக்குத்தான் போகும். திரையில் வெறுமனே "ஓடிபியை உள்ளிடவும்" என்று எழுதியிருந்தால் அவர் கையிலிருக்கும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஆதாரில் நீங்கள் பதிந்த எண்ணுக்கு 6 இலக்க எண் வரும். அது வேறு போனில் இருக்கலாம்" என்று எழுதினால் புகார்களில் ஒரு பகுதி அங்கேயே தீரும்.

வங்கியின் ஓடிபி வராததற்குப் பொதுவான காரணம் டெம்ப்ளேட், அதாவது முன்கூட்டிப் பதிந்துவைத்த செய்தி வாசகம். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி வணிக எஸ்எம்எஸ் ஒவ்வொன்றின் வாசகமும் டெலிகாம் நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்கவேண்டும். யாரோ ஒருவர் வாசகத்தில் ஒரு முற்றுப்புள்ளியை மாற்றியிருப்பார், செய்தி டெலிகாம் நிறுவனத்திலேயே தடுக்கப்பட்டுவிடும். உங்கள் சர்வரில் "அனுப்பியாயிற்று" என்றே பதிவாகியிருக்கும். ஆகவே அனுப்பியதை அளக்காதீர்கள், சேர்ந்ததை அளவிடுங்கள்.

அடுத்தது "மீண்டும் அனுப்பு" பட்டன். முதல் செய்தி தாமதமாக, இரண்டாவது செய்திக்குப் பின்னால் வந்து சேரும். அவர் மேலே இருப்பதை எழுதுவார், தவறு என்று வரும், மூன்று முறை ஆனதும் பூட்டிக்கொள்ளும். வங்கியின் சொந்த ஓடிபிக்கு இதற்கு எளிய மருந்து உண்டு: செல்லுபடியாகும் நேரத்துக்குள் மறுபடி கேட்டால் அதே எண்ணையே மீண்டும் அனுப்புங்கள். எது முதலில் வந்தாலும் செல்லும்.

ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப் பெட்டிகள் போடும் வழக்கத்தைக் கைவிடலாம். அவற்றில் நகலெடுத்து ஒட்டுவது பல போன்களில் வேலை செய்யாது, திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்) ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகப் படிக்கும். எழுத்து இடைவெளி கூட்டிய ஒரே பெட்டி போதும். ஆண்ட்ராய்டில், வங்கி தன் செய்தியின் முடிவில் ஆப்புக்குரிய 11 எழுத்துக் குறியீட்டைச் சேர்த்தால் ஓடிபியை ஆப் தானே எடுத்துக்கொள்ளும். ஆதார் ஆணையத்தின் செய்தியில் நீங்கள் எதையும் சேர்க்கமுடியாது. அதற்கு "இந்தச் செய்தியைப் படிக்கலாமா?" என்று வாடிக்கையாளரிடம் ஒருமுறை கேட்டு எடுக்கும் இன்னொரு வசதியைப் பயன்படுத்துங்கள். எஸ்எம்எஸ் முழுவதையும் படிக்கும் அனுமதியைக் கேட்கவே கேட்காதீர்கள்.

கடைசியாக, சோதனைக்கூடத்தில் தெரியாத ஒன்று. ரேம் குறைந்த போனில் ஆப்பை விட்டு எஸ்எம்எஸ் பார்க்கப் போனதும் போன் உங்கள் ஆப்பை மூடிவிடும். திரும்பி வந்தால் முதல் திரை. அவர் ஓடிபியை மனதில் வைத்துக்கொண்டு வந்திருப்பார், எழுத இடம் இருக்காது. எந்தத் திரையில், எந்த ஓடிபிக்காகக் காத்திருந்தார் என்பதை ஆப் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

பான் எண்ணைப் படம் எடுத்து வாங்கலாமா, எழுதச் சொல்லலாமா?

எழுதச் சொல்லுங்கள். பத்து எழுத்துதான். பிளாஸ்டிக் அட்டையின் பளபளப்பில் படம் வெளுத்துப்போகும், எழுத்தறியும் மென்பொருள் பூஜ்ஜியத்தையும் ஓ என்ற எழுத்தையும் குழப்பும். பானின் அமைப்பே உதவிக்கு வரும்: முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி ஒன்று எழுத்து. இடத்துக்கு ஏற்ப விசைப்பலகையை நீங்களே மாற்றினால் பூஜ்ஜியச் சண்டை வராது. நான்காவது எழுத்து தனிநபருக்கு எப்போதும் பி. வேறெதுவும் இருந்தால் சர்வருக்கு அனுப்பாமலே "இது தனிநபர் பான் எண்ணாகத் தெரியவில்லை" என்று சொல்லிவிடலாம்.

ஆதாரிலும் இப்படி ஒரு வசதி உண்டு. 12 இலக்கங்களில் கடைசி, முன்னுள்ள பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஓர் இலக்கம் தவறினாலோ, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலோ போனிலேயே தெரிந்துவிடும். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுங்கள், அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. சரிபார்த்த பிறகு கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தால் போதும்.

ஆதாரிலும் பானிலும் பெயர் பொருந்தவில்லை என்று பலர் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் இது ஏன் இவ்வளவு அதிகம்?

இனிஷியல். முதற்பெயர், கடைசிப்பெயர் என்ற அமைப்பு நம் பெயர்களுக்குப் பொருந்தாத சட்டை.

ஒரு பெண்ணின் பெயர் செல்வி, தந்தை கருப்பையா என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் "செல்வி கே" என்று இருக்கும். பான் விண்ணப்பத்தில் முதற்பெயரிலும் கடைசிப்பெயரிலும் இனிஷியல் செல்லாது, விரித்து எழுதவேண்டும். அதனால் பானில் "செல்வி கருப்பையா" என்றோ "கருப்பையா செல்வி" என்றோ இருக்கும், எழுதிக் கொடுத்தவரைப் பொறுத்தது. திருமணத்துக்குப் பின் ஆதாரை மட்டும் மாற்றி "செல்வி எம்" ஆக்கியிருப்பார், கணவர் பெயர் முருகன். மூன்றும் ஒரே ஆள்தான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு மூன்று பேர்.

ஒப்பீட்டை இப்படி அமையுங்கள். பெயரைச் சொற்களாகப் பிரியுங்கள், வரிசையை மறந்துவிடுங்கள். புள்ளிகளையும் இடைவெளிகளையும் நீக்குங்கள். ஒற்றை எழுத்து இருந்தால் அது மறுபக்கத்துச் சொல் ஒன்றின் முதலெழுத்தா என்று பாருங்கள். பிறகு எழுத்துக்கூட்டல். "ழ" ஒன்றை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். "செந்தில்" என்பதில் ஹெச் ஒரு ஆவணத்தில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. நெடில்களுக்கு எழுத்தை இரட்டிப்பவர்களும் உண்டு, இரட்டிக்காதவர்களும் உண்டு. இவற்றை ஒன்றாகக் கருதும் ஒரு பட்டியலை உங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டே தயாரியுங்கள். வட இந்தியப் பெயர்களுக்காகத் தயாரான மதிப்பெண் முறையை அப்படியே வாங்கிப் போட்டால் தமிழ்ப் பெயர்கள் கீழே விழும்.

முடிவை மூன்றாக வையுங்கள். பொருந்தினால் மேலே போகலாம். முக்கியப் பெயர் பொருந்தி இனிஷியல் மட்டும் மாறினால், நிறுத்தாமல் வீடியோ அலுவலருக்கு ஒரு குறிப்போடு அனுப்பலாம். எந்தச் சொல்லுமே பொருந்தாவிட்டால் நிறுத்தவேண்டும். பிறந்த தேதியில் மட்டும் தாராளம் கூடாது, அது சரியாகப் பொருந்தியே ஆகவேண்டும். பான் சரிபார்ப்பு, பானில் உள்ள பெயர் இதுதான் என்று உங்களுக்குச் சொல்லாது. நீங்கள் அனுப்பிய பெயரும் தேதியும் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். எனவே "உங்கள் பெயர்" என்று கேட்காமல் "பான் அட்டையில் உள்ளபடி பெயர்" என்று கேளுங்கள்.

டெபிட் கார்டில் அச்சாகும் பெயருக்கு 26 எழுத்து வரை இடமுண்டு. நீளமான பெயர்களைக் கணினி தானே வெட்டினால் தந்தையின் பெயர் மட்டும் மிஞ்சிய கார்டு வீட்டுக்கு வரும். அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

ஆதார் ஓடிபி ஒன்றே போதாதா? வீடியோவுக்கு ஏன் இழுக்கவேண்டும்?

ஓடிபி மட்டும் வைத்தும் கணக்கு திறக்கலாம், ஆனால் அது கட்டுப்பாடுள்ள கணக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி அதில் இருப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒரு நிதியாண்டில் வரும் மொத்த வரவு 2 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஓராண்டுக்குள் முழு கேஒய்சி முடிக்காவிட்டால் கணக்கு மூடப்படும். வேறு வங்கியில் இதே முறையில் கணக்கு இல்லை என்ற உறுதிமொழியும் வேண்டும்.

இதைப் படிக்கட்டாகப் பயன்படுத்தலாம்: ஓடிபியோடு கணக்கைத் திறந்துகொடுத்து, வீடியோவைப் பிறகு வைப்பது. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு இது ஒத்துவராது. மாதம் 20,000 ரூபாய் வந்தாலே ஆண்டுக்கு 2.4 லட்சம், வரம்பைத் தாண்டிவிடும். சம்பளம் திரும்பிப்போகும் நாளில்தான் அவருக்கு இந்த விதியே தெரியவரும். படிக்கட்டு வைத்தால் வரம்பைக் கணக்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வீடியோ கேஒய்சியில்தான் கூட்டம் கழன்றுபோகிறது. அதை எப்படிச் சரிசெய்வது?

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் இதை அனுமதித்தது, 2021 மே மாதத்தில் விதிகளை விரிவாக்கியது. விதிகளை முதலில் தெரிந்துகொண்டால் எது உங்கள் கையில் இருக்கிறது என்று புரியும். வங்கியின் பயிற்சி பெற்ற அலுவலரே பேசவேண்டும். வாடிக்கையாளர் இந்தியாவுக்குள் இருக்கவேண்டும், இடம் பதிவாகவேண்டும். உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்யவேண்டும். பான் அட்டையைக் காட்டவேண்டும், இ-பான் (மின்னணு வடிவப் பான்) கொடுத்தவருக்கு மட்டும் விலக்கு. கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்கவேண்டும். பேசி முடிந்த பிறகு இன்னொருவர் தணிக்கை செய்தால்தான் கணக்கு இயங்கும். இவற்றில் எதையும் வடிவமைப்பால் நீக்கமுடியாது. நீக்கமுடிந்தது, இவற்றைச் சுற்றியுள்ள குழப்பம்.

அழைப்புக்கு முன் ஒரு தயார்நிலைத் திரை வையுங்கள். கேமரா, மைக், இடம் ஆகிய மூன்று அனுமதிகளையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒவ்வொன்றையும் காரணத்தோடு தனித்தனியாகக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு 11இலிருந்து, ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்தவரிடம் போன் மூன்றாம் முறை கேட்காது. அப்போது உங்கள் பட்டன் செத்த பட்டன். அந்த நிலையைக் கண்டுபிடித்து நேராக போனின் செட்டிங்ஸுக்கு அழைத்துப்போகும் வழியை எழுதியே ஆகவேண்டும். விபிஎன் (இணைய இருப்பிடத்தை மாற்றிக்காட்டும் சேவை) ஓடிக்கொண்டிருந்தால் இந்தத் திரையிலேயே சொல்லுங்கள்: வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து வரும் இணைப்பை வங்கி ஏற்கக்கூடாது என்பது விதி. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர்க் கணக்கு தொடங்க முயல்பவர்கள் இங்கே வந்து முட்டிக்கொள்வார்கள், அவர்களுக்கான வழி வேறு என்று தெளிவாக எழுதுங்கள்.

பிறகு வெளிச்சம். "நல்ல வெளிச்சத்தில் இருக்கவும்" என்றால் ஒருவருக்கும் புரியாது, விளக்குக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். "ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள்" என்றால் புரியும். பான் அட்டை பளபளத்தால் மேல்விளிம்பைச் சற்று முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள்.

காத்திருப்புதான் அடுத்த ஓட்டை. இரவு 9 மணிக்கு விண்ணப்பங்கள் குவியும், பல இடங்களில் அலுவலர்கள் 7 மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பார்கள். எந்த மணியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்து ஆட்களைப் போடுவது, எந்தத் திரை மாற்றத்தையும்விடப் பலன் தரும். காத்திருக்கும்போது சுழலும் வட்டத்தைக் காட்டாமல் "உங்களுக்கு முன் 4 பேர்" என்று காட்டுங்கள். கூடவே "நாளை நேரம் குறித்துக்கொள்கிறேன்" பட்டனும் இருக்கட்டும். தமிழைத் தேர்ந்தெடுத்தவரைத் தமிழ் பேசும் அலுவலரிடம் சேருங்கள். ஆப் முழுக்கத் தமிழில் வந்துவிட்டு, கடைசியில் திரையில் தோன்றுபவர் இந்தியில் ஆரம்பித்தால் அங்கே அழைப்பு துண்டிக்கப்படும்.

இணைப்பு அறுந்துபோனால் புதிய அமர்வைத் தொடங்கவேண்டும் என்பது விதி. படம் சற்று நின்று மீண்டும் ஓடி, பதிவுக் கோப்பு ஒன்றாகவே இருந்தால் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. பல வங்கிகளின் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கருதி, சிறு தடங்கலுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அறுந்தவர் மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போகாமல் முன்னால் வரும்படியும் செய்யுங்கள்.

இன்னொரு கெடு: ஆதார் விவரங்களைப் பெற்ற நாளிலிருந்து 3 வேலை நாளுக்குள் வீடியோ முடியவேண்டும். தாண்டினால் ஆதார் படியை மறுபடி செய்யவேண்டும். "புதன்கிழமைக்குள் பேசிவிட்டால் மறுபடி ஓடிபி தேவையில்லை" என்று நாளைக் குறித்து நினைவூட்டுங்கள்.

உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கக் கண் சிமிட்டச் சொல்லும் சோதனையை எல்லோராலும் செய்யமுடியுமா?

முடியாது. அமில வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடர்ந்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் உரிமை என்று தீர்ப்பளித்து, கேஒய்சி முறைகளை மாற்ற 20 வழிகாட்டுதல்களையும் தந்தது. சிமிட்டலுக்குப் பதிலாகத் தலையைத் திருப்புவது, அலுவலர் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்வது என்று மாற்றுவழி இருக்கவேண்டும். கேமராச் சட்டகத்துக்குள் முகம் வந்துவிட்டதா என்பதைக் குரலிலும் சொல்லுங்கள்: "சற்று இடப்பக்கம்… போதும்."

முகவரி?

ஆதாரில் சொந்த ஊர், ஆள் சென்னையில் வாடகை வீட்டில். இது விதிவிலக்கு இல்லை, இதுதான் வழக்கம். "தற்போதைய முகவரியும் நிரந்தர முகவரியும் ஒன்றா?" என்று கேட்பதைவிட "டெபிட் கார்டு எந்த வீட்டுக்கு வரவேண்டும்?" என்று கேளுங்கள். பின்கோடு 6 இலக்கத்தையும் எழுதியதும் மாவட்டமும் மாநிலமும் தானாக நிரம்பட்டும்.

தொழில், வருமானம் போன்ற கேள்விகளை நீக்கலாமா?

நீக்கமுடியாது, ஆனால் மொழியை மாற்றலாம். "தொழில்" என்றால் பலர் வியாபாரம் என்று நினைத்து "இல்லை" என்கிறார்கள். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பது நேர்க்கேள்வி. தினக்கூலிக்காரருக்கு ஆண்டு வருமானம் என்ற கணக்கு மனதில் இருக்காது, "ஆண்டுக்கு 1 முதல் 2.5 லட்சம்" என்பதற்குக் கீழே "மாதம் சுமார் 8,000 முதல் 21,000" என்று சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டு வரி உறுதிமொழியை ஒரே வாக்கியமாக்கலாம்: "நான் இந்தியாவில் மட்டுமே வரி செலுத்துபவர்." இல்லை என்பவருக்கு மட்டும் அடுத்த பக்கம் திறக்கட்டும்.

தாயின் "கன்னிப் பெயர்" என்று ஒரு கேள்வியை மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அம்மாவின் பெயர் கல்யாணத்தில் மாறுவதில்லை, இனிஷியல்தான் மாறும். "அம்மாவின் பெயர்" போதும்.

நாமினி படியில் தடுமாறுகிறார்களே?

2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி வைக்கலாம், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்றும் சொல்லலாம். அதற்காக நான்கு பேருக்கான கட்டங்களையும் முதலிலேயே விரித்துக் காட்டவேண்டாம். ஒருவருக்கு மட்டும் இடம் வைத்து, "இன்னொருவரைச் சேர்" என்று கீழே கொடுங்கள். இரண்டாமவர் வந்ததும் 50, 50 என்று நீங்களே நிரப்புங்கள், மூன்று பேர் என்றால் 34, 33, 33. கூட்டுத்தொகை 100 வராமல் சிவப்பில் எரியும் பெட்டியை யாரும் ரசிப்பதில்லை. நாமினி சிறுவர் என்றால் அவர் சார்பில் பணம் பெறும் பெரியவரின் பெயரும் வேண்டும். "இப்போது வேண்டாம்" என்ற வழியையும் ஒளிக்காமல் வையுங்கள்.

ஒப்புதல் டிக் பெட்டிகளை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாமா?

கூடாது. காப்பீட்டையோ கிரெடிட் கார்டையோ டிக் போட்டு வைத்து நுழைப்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளுக்குள் வருகிறது. ஆதார் ஒப்புதல் தனியாக இருக்கவேண்டும், ஆதார் தர விரும்பாதவருக்கு வேறு ஆவணத்தோடு கிளைக்கு வரும் வழியும் தெரியவேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச்சொல்கிறது. தமிழ் அதில் ஒன்று.

ஆப்பைத் தமிழில் கொடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

மக்கள் பேசும் சொல்லை வையுங்கள். டெபிட் கார்டைப் "பற்று அட்டை" ஆக்கினால் தமிழாசிரியர் மகிழ்வார், வாடிக்கையாளர் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வார். "சமர்ப்பி" என்பதைவிட "அனுப்பு". "உள்ளிடுக" என்பதைவிட "எழுதுங்கள்".

எழுத்துரு உயரத்தைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் "கூ", "ஞூ" போன்றவற்றின் வாலும் "கீ"யின் மேல்சுழியும் வெட்டுப்படும். எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்கு வரி உயரம் வையுங்கள். பட்டனில் இரண்டு வரி வந்தாலும் உடையாதபடி அமையுங்கள்.

பெயர், முகவரிக் கட்டங்களில் பலர் தமிழ் விசைப்பலகையிலேயே எழுதுவார்கள். ஆப் தமிழில் கேட்டால் தமிழில்தானே எழுதுவார்கள்! அது பான் சரிபார்ப்புக்குப் போய்த் தோற்கும். "அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துகளில்" என்று கட்டத்தின் மேலேயே எழுதி, தமிழ் எழுத்து வந்த நொடியிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழ் எஸ்எம்எஸ்ஸில் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. உயிர்மெய்யில் குறில் நெடில் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ஓடிபி எண்ணை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள், பூட்டுத் திரையில் அது மட்டும்தான் தெரியும்.

பிழைச் செய்தி எப்படி இருக்கவேண்டும்?

என்ன நடந்தது, யார் தவறு, இப்போது என்ன செய்வது. "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. பின்னர் முயலவும்" என்பதில் மூன்றுமே இல்லை. "ஆதார் சேவை இப்போது பதில் தரவில்லை. உங்கள் எண்ணில் தவறில்லை. விவரங்களைச் சேமித்துவிட்டோம், சரியானதும் எஸ்எம்எஸ் அனுப்புகிறோம்" என்பதில் மூன்றும் உண்டு. வெளிச்சேவை விழுந்ததற்கு வாடிக்கையாளரின் தவறான முயற்சிக் கணக்கைக் கூட்டாதீர்கள்.

பாதியில் விட்டவரை எப்படித் திரும்ப அழைப்பது?

எங்கே விட்டார் என்பதைப் பொறுத்து. பானில் நின்றவருக்கு மாலை 7 மணிக்கு, வீட்டில் இருக்கும் நேரத்தில், "பான் அட்டை மட்டும் பாக்கி" என்று ஒரு செய்தி. வீடியோவில் நின்றவருக்கு நேரம் குறிக்கும் இணைப்பு. இரண்டு நினைவூட்டலுக்கு மேல் தொல்லை.

இணைப்பைப் பார்த்தாலே மோசடியோ என்று பயப்படுகிறார்கள், பயப்படுவதும் சரிதான். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. செய்தியில் அந்த முகவரியே இருக்கட்டும், சுருக்கிய இணைப்பு வேண்டாம். தொலைபேசியில் அழைத்தால் 1600 வரிசை எண்ணிலிருந்து அழையுங்கள், ஓடிபி கேட்கவேகூடாது.

இவ்வளவு எளிதாக்கினால் வாடகைக் கணக்குகள் பெருகாதா?

பிறர் பெயரில் கணக்கு திறந்து மோசடிப் பணத்தைக் கடத்துவது உண்மையான ஆபத்து. அதற்காக எல்லோர் வழியிலும் முள் போடத் தேவையில்லை. ஒரே போனிலிருந்து ஒரே வாரத்தில் ஐந்து விண்ணப்பம், தொலைவில் உள்ள ஊர்க்காரர்கள் பலருக்கு ஒரே கார்டு முகவரி, எழுதாமல் ஒட்டப்பட்ட பெயர் போன்ற அடையாளங்களைப் பின்னணியில் கவனித்து, சந்தேகமுள்ளவரை மட்டும் கூடுதல் கேள்விக்கு அனுப்புங்கள். வீடியோவில் கண் திரைக்கு வெளியே போய்ப் போய் வருகிறதா, பக்கத்தில் யாரோ பதில் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று அலுவலருக்குத் தெரியும். அவர் ஒரு நாளைக்கு முடித்த அழைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஊக்கத்தொகை கொடுத்தால் அவர் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

எதை அளக்கவேண்டும்?

திரை வாரியாக அல்ல, கட்டம் வாரியாக: எந்தக் கட்டத்தில் எத்தனை முறை அழித்து எழுதினார், எவ்வளவு நேரம் நின்றார். அமர்வுகளை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள், மூன்று முறை வந்து முடித்தவர் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி ஆகமாட்டார். விட்டுப்போனவரையும் வங்கி மறுத்தவரையும் ஒரே தொட்டியில் போடாதீர்கள். மொழி, ஆண்ட்ராய்டு பதிப்பு, நெட்வொர்க் வாரியாகப் பிரித்துப் பாருங்கள், சராசரி பல ஓட்டைகளை மூடிக்காட்டும். திரைப்பதிவுக் கருவி பயன்படுத்தினால் ஆதார், பான் கட்டங்கள் அதில் பதியக்கூடாது.

கணக்கு எண் வந்துவிட்டால் முடிந்தது தானே?

வீடியோ முடிந்ததும் "வாழ்த்துகள்" என்று வண்ணக் காகிதம் பறக்கவிடுகிறார்கள். தணிக்கை முடியாததால் கணக்கு இன்னும் இயங்காது. அவர் உடனே பணம் போட்டுப் பார்ப்பார், போகாது, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார். "பேசி முடித்தாயிற்று. எங்கள் சரிபார்ப்பு பாக்கி. முடிந்ததும் எஸ்எம்எஸ் வரும், அதுவரை பணம் அனுப்பவேண்டாம்" என்று எழுதுங்கள். அந்த எஸ்எம்எஸ் வந்த பின் திறக்கும் திரையில் மூன்று வேலைகள்: எம்பின் (ஆப்பில் நுழையும் ரகசிய எண்) அமைப்பது, வேறு வங்கியிலிருந்து யுபிஐ மூலம் முதல் தொகையைப் போடுவது, டெபிட் கார்டு எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பது. தொகைக் கட்டத்தில் 10,000 என்று நிரப்பி வைக்காதீர்கள். 100 ரூபாய் போட்டுப் பார்க்க நினைப்பவர் அதைக் கட்டாயம் என்று எடுத்துக்கொள்வார்.